கறுத்த பல்லெல்லாம் மெகலோடோன் பல் அல்ல

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்து வருவதனால், கடற்கரைக் கடைகளிலோ இணையத்திலோ வாங்கிய பெரிய பற்களைக் கொண்டுவந்து, “சேர், இது மெகலோடோன் சுறாவின் பல்தானா?” என்று கேட்போர் என்னிடம் அடிக்கடி வருவதுண்டு. கோணேசர் மலைப் பாறையிலிருந்து பெயர்த்தெடுத்தது என்று விற்றவர் சொன்ன கதையும் சில வேளைகளில் கூடவே வரும். அந்தக் கதைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அம்மலையின் பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியது. மெகலோடோன் வாழ்ந்ததோ ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரையே. இலங்கையில் அக்காலத்துக் கடற்படிவுகளைத் தேடுபவர் யாழ்ப்பாணத்து மயோசீன் (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய காலம்) சுண்ணக்கல்லை நாடுவதே பொருத்தம்.

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பாலானது. அது பெரும்பாலும் அழிந்துவிட, வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் விழுந்து முளைக்கும் கடினமான பற்களே எஞ்சுகின்றன. பற்களையும் சில முள்ளெலும்புகளையும் மட்டும் வைத்துக் கணிப்பதால்தான், நெடுங்காலம் 15 முதல் 18 மீற்றர் என்று சொல்லப்பட்ட மெகலோடோனின் நீளம், 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 24 மீற்றர் வரை உயர்ந்தது. திரைப்படங்களில் காணும் முழு உருவம் பெரும்பாலும் ஊகமே.

பல்லின் நிறம் வயதைச் சொல்லாது. புதைந்து கிடந்த படிவின் கனிமங்களே அதனைக் கறுப்பாகவோ பழுப்பாகவோ சாம்பலாகவோ மாற்றுகின்றன. ஆகவே கறுப்பைப் பார்த்து மயங்காமல், வேருக்கு வெளியே தெரியும் பல்முடியின் தடித்த முக்கோண வடிவையும், ஓரத்தில் நுனிவரை ஓடும் நுண்ணிய அரப்பற்களையும், உட்புறத்தில் பல்முடிக்கும் வேருக்கும் இடையிலுள்ள கருமையான பட்டையையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வளிக்குமிழிகளும் அச்சு இணைந்த கோடும் தெரிந்தால் அது அச்சில் பிசின் ஊற்றிச் செய்த போலி. உடைந்த உண்மைப் பல்லுக்குச் செயற்கை வேர் ஒட்டி முழுப்பல்லாக விற்பதும் நடக்கிறது. ஒட்டிய பகுதி புறஊதா விளக்கில் பெரும்பாலும் வேறுவிதமாக ஒளிரும். அறியப்பட்ட மிகப் பெரிய பற்களே ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர்தான் என்பதால், அதனிலும் பெரிதாக, கீறலே இல்லாமல், மலிவாகக் கிடைப்பதைச் சந்தேகிப்பதே முறை.

மெகலோடோன் இன்றும் ஆழ்கடலில் வாழ்கிறது என்ற காணொளிகளை மாணவர்கள் பெரிதும் நம்புகின்றனர். 1870களில் சலஞ்சர் என்ற பிரித்தானிய ஆய்வுக் கப்பல் ஆழ்கடலடியில் எடுத்த மெகலோடோன் பற்களின் மேல் படிந்திருந்த மங்கனீசுப் பூச்சைக் கொண்டு, 1959இல் ஒருவர் அவற்றின் வயதைப் பல்லாயிரம் ஆண்டுகள் மட்டுமே எனக் கணித்தது இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது; அப்பூச்சு சீரான வேகத்தில் படிவதில்லை என்பதால் அக்கணிப்பு செல்லாது. மேலும், திமிங்கிலங்களை வேட்டையாடிய அந்த விலங்கு இன்றும் இருந்தால், நமது கரைக்கு அப்பால் ஆண்டுதோறும் காணப்படும் நீலத் திமிங்கிலங்களின் உடலில் அதன் கடிவடுக்களும், மீனவர் வலைகளில் கனிமம் ஏறாத வெண்ணிறப் பற்களும் தென்பட்டிருக்க வேண்டும்.