செர்னோரிசெட்ஸ்: சொல் விளக்கம்

பழைய பல்கேரிய ஏடுகளை எழுதியவர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் சொல் செர்னோரிசெட்ஸ். தமிழில் இதைத் 'துறவி' என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறோம். பொருள் பிழையில்லை என்றாலும், சொல்லுக்குள் இருக்கும் ஆடை காணாமல் போய்விடுகிறது. அந்த ஆடை முக்கியமானது.

சொல்லின் முன்பாதி கறுப்பைக் குறிக்கிறது. நடுவில் நிற்கும் 'ரிசா' என்பது அங்கி. கடைசியில் வரும் 'எட்ஸ்' ஆளைக் குறிக்கும் விகுதி. நம் 'அன்', 'அர்' செய்யும் வேலையைச் செய்கிறது. ஆக, கறுப்பு அங்கி அணிந்தவர். இன்றைய பல்கேரிய மொழியில் ரிசா என்றால் சட்டை. கடையில் ரிசா கேட்டால் காலர் வைத்த சட்டையை எடுத்துக் காட்டுவார்கள். துறவியைச் சொல்ல அம்மொழியில் மொனாக், கலுகேர் என்ற சொற்களும் உண்டு. இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. 'தனித்தவர்', 'நல்ல முதியவர்' என்பவை அவற்றின் மூலப்பொருள். செர்னோரிசெட்ஸ் மட்டும் சொந்த வேர்களைக் கொண்டு கட்டிய சொல்.

இந்தச் சொல்லை முழு எடையோடு பார்க்க வேண்டுமானால் ஏடு படியெடுத்த துறவி துதோர் தோக்சோவ், தன் படியோடு சேர்த்து எழுதிவைத்த குறிப்புக்குப் போக வேண்டும். அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ், கிறிஸ்து கடவுளுக்கு நிகரல்ல என்ற ஆரியுஸின் கொள்கையை மறுத்துக் கிரேக்கத்தில் எழுதிய உரைகளை, பல்கேரிய அரசர் சிமியோனின் ஆணைப்படி 906இல் ஆயர் கான்ஸ்தந்தீன் ஸ்லாவிய மொழிக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டு, 907இல், அதைப் படியெடுத்தவர் துதோர். இடம், டிச்சா ஆற்றின் முகத்துவாரம். அவர் கைப்பட எழுதிய ஏடு இன்று இல்லை. பின்னாளில் ரஷ்யாவில் அந்த நூலைப் படியெடுத்தவர்கள் துதோரின் குறிப்பையும் விடாமல் சேர்த்தெழுதியதால் அது நம் கைக்கு வந்திருக்கிறது.

குறிப்பில் இருவருக்கும் தனித்தனி வினைச்சொல். கான்ஸ்தந்தீன் 'பிரெலோழி' செய்தார், அதாவது ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தார். நம் 'மொழிபெயர்த்தல்' என்ற சொல்லில் உள்ள 'பெயர்த்தல்' இதற்கு எவ்வளவு பொருத்தம்! துதோர் செய்ததோ 'நபிசா', எழுதினார். தன் பங்கு எது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

தன்னை அவர் எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்று பாருங்கள்: 'துதோர் செர்னோரிசெட்ஸ் தோக்சோவ்'. 'தோக்சோவ்' என்றால் தோக்சின் மகன். 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்று தந்தையோடு சேர்த்துப் புலவரைச் சொல்லும் மரபு நமக்குப் பழக்கமானதுதான். தோக்சு, பல்கேரியர்களைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்த அரசர் போரிசின் தம்பி. ஆணையிட்ட சிமியோன் போரிசின் மகன்; அப்படியானால் துதோருக்குப் பெரியப்பா மகன். இத்தனை நெருங்கிய உறவை அவர் ஒரு வார்த்தையிலும் சொல்லவில்லை. தன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே கறுப்பு அங்கியை வைத்துவிட்டார்.

அதே ஆண்டு மே 2, சனிக்கிழமை மாலை, போரிஸ் இறந்தார் என்பதும் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. கிழமையும் பொழுதும் வரை எழுதியவர், 'என் பெரியப்பா' என்று எழுதவில்லை. 'இறைவனின் அடியார்' என்கிறார். போரிசும் 889இல் அரியணையை விட்டுத் துறவு பூண்டவர். அவர் மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்த ஆண்டைச் சொல்லும்போது துதோர், ஆண்டுகளை விலங்குகளின் பெயரால் அழைத்த பழைய பல்கர் நாட்காட்டியின் பெயரை எழுதுகிறார்: 'எத்க் பெக்தி'. எத்க் என்பதை நாய் ஆண்டு என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். கிறிஸ்தவத் துறவியின் எழுத்தில் முன்னோரின் ஆண்டுக்கணக்கு அப்படியே உயிரோடு இருக்கிறது. எனக்கு இந்தக் குறிப்பிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

இதே சொல்லைப் பெயரோடு தாங்கிய இன்னொரு பழைய பல்கேரிய எழுத்தாளர் ஹ்ராபர். ஸ்லாவிய எழுத்துகளுக்காக வாதாடி அவர் எழுதிய சிறு நூல், 1348இல் லவ்ரெந்தி என்ற துறவி எழுதிய தொகுப்பில் கிடைக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ஆடையைக் கொண்டு துறவியைக் குறிப்பது நமக்குப் புதிதல்ல. தேவாரத்தில் பௌத்தத் துறவியர் துவராடையர் என்று வருகிறார்கள். அந்தத் தடத்திலேயே 'கார்' சேர்த்துக் 'காராடையர்' என்று சொல்வதே சரி என்பேன். 'கருவாடையர்' இலக்கணத்துக்கு ஒத்துவரும். படிக்கிறவர் கண் 'கருவாடு' என்று நின்றுவிடும் என்பதால் வேண்டாம். பொதுவாகத் துறவறத்தைப் பற்றிய இடங்களில் 'துறவி' போதும். பெயரோடு ஒட்டி வரும்போது காராடையர் ஹ்ராபர் என்று எழுதலாம்.

துதோரின் வரியில் மட்டும் 'அர்' விகுதி கூடாது, தன்னைத் தானே சொல்லிக்கொள்கிறவர் அவர். சொற்களின் வரிசையும் மாறக்கூடாது: 'இவற்றை எழுதியவன் துதோர், காராடையன், தோக்சின் மகன்.'