வைராக்கியம் என்பது மன உறுதியா?

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்து 35ஆம் சுலோகத்தைத் தமிழில் சொல்பவர்கள், "பயிற்சியாலும் மன உறுதியாலும் மனத்தை அடக்கலாம்" என்று முடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சொற்பொழிவில் கேட்டேன், உரைநூலில் படித்தேன், சென்ற வாரம் கைப்பேசிக்கு வந்த பொன்மொழிப் படம் ஒன்றிலும் கண்டேன். மூலத்தில் இருப்பது 'அப்யாஸேன து கௌந்தேய வைராக்யேண ச க்ருஹ்யதே' என்னும் அடி. அப்யாசம் பயிற்சிதான், அதில் வழக்கில்லை. வைராக்கியம் எப்போது மன உறுதி ஆயிற்று என்பதே என் கேள்வி.

சொற்பிறப்பு எளியது. 'ரஞ்ஜ்' என்னும் வேர் நிறமேறுதலைக் குறிக்கும். அதிலிருந்து பிறந்த ராகம், சாயம், சிவப்பு, மனத்தில் ஏறும் விருப்பம் என்று பொருள் விரியும். அனுராகம், ரஞ்சிதம், ரத்தம் எல்லாம் அதே வேரின் கிளைகள். ராகம் நீங்கியது விராகம். விராகத்தின் தன்மை வைராக்கியம். வைரத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. "நெஞ்சை வைரம்போல் ஆக்குவது வைராக்கியம்" என்று ஒருவர் மேடையில் பிரித்துக் காட்ட, அவை கைதட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

மன உறுதி என்னும் பெயர்ப்பு பொருந்தாது என்பதற்கு அகராதிகூட வேண்டாம். முந்தைய சுலோகத்தைப் படித்தாலே போதும். அங்கே அருச்சுனன் மனத்தைப் பற்றி முறையிடுகிறான்: 'சஞ்சலம் ஹி மன: க்ருஷ்ண ப்ரமாதி பலவத் த்ருடம்'. மனம் அலைவது, கலக்குவது, வலியது, 'த்ருடம்', அதாவது உறுதியானது. மனத்தின் உறுதிதான் அவனுக்கு இடைஞ்சல். அந்த உறுதியைக் கண்டு அஞ்சி நிற்பவனிடம் "மன உறுதியால் அடக்கு" என்று கண்ணன் சொல்லியிருந்தால், அது திருடனையே காவலுக்கு வைத்த கதையாகியிருக்கும். மேலும், மனத்தை மன உறுதியால் அடக்குவது என்னும் வாக்கியத்தில் அடக்குவது எது, அடங்குவது எது என்று பிரித்துச் சொல்லவே முடியவில்லை.

இதே நூலின் இரண்டாம் அத்தியாயத்து 59ஆம் சுலோகம் இன்னும் தெளிவாக வழிகாட்டுகிறது. உணவை விலக்கியவனை விட்டுப் புலப்பொருள்கள் விலகிப் போகின்றன, ஆனால் சுவை மட்டும் போவதில்லை. மேலானதைக் கண்டபின்னரே அந்தச் சுவையும் போகிறது என்பது அதன் கருத்து. பல்லைக் கடித்துக்கொண்டு விலகியிருப்பது உறுதியால் முடியும். உள்ளே ஊறும் சுவை வற்றுவது உறுதியின் வேலை அன்று. மூன்றாம் அத்தியாயத்து 6ஆம் சுலோகமோ, கை கால்களை அடக்கிவிட்டு மனத்தால் புலப்பொருள்களையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் பொய்யொழுக்கத்தான் என்றே சொல்லிவிடுகிறது. அவனிடமும் உறுதிக்குக் குறைவில்லை என்பதை மன உறுதிக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

பேச்சுத்தமிழில் வைராக்கியம் பிடிவாதமாகவும் உறுதியாகவும் வழங்குவதை நான் குறை சொல்லவில்லை. "படித்தே தீருவேன் என்று வைராக்கியமாக இருந்தாள்" என்பது நல்ல தமிழ் வாக்கியம். கடன் வாங்கிய சொல் குடியேறிய வீட்டின் வழக்கத்துக்கு மாறுவது இயல்பு. மாறிய தடமும் தெரிகிறது. பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம், புராண வைராக்கியம் என்னும் பழைய வழக்கில் பழம்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. பிள்ளைப்பேற்றின் வலியிலும், சுடுகாட்டுப் புகையிலும், கதை கேட்டு எழும் வேளையிலும் தோன்றி, வீடு திரும்புவதற்குள் கரைந்துபோகும் 'இனி எதுவும் வேண்டாம்' என்னும் எண்ணம் அது. அந்த 'வேண்டாம்' என்பதன் அழுத்தம் தனியே கழன்று உறுதியாகிவிட்டது, 'வேண்டாம்' உதிர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். இதைவிட வருத்தம் தருவது விரக்தி. அதுவும் 'ரஞ்ஜ்' வேரில் பிறந்ததே, வைராக்கியத்துக்கு உடன்பிறப்பு. இன்றோ வாழ்க்கை கசந்துபோனவனின் நிலைக்குப் பெயராகிவிட்டது. ஒரு சொல் பிடிவாதத்துக்கும் மற்றொன்று மனமுறிவுக்கும் போய்விட, இரண்டுக்கும் பொதுவாக இருந்த கருத்து பெயரில்லாமல் நிற்கிறது. பேச்சில் நேர்ந்தது பேச்சோடு இருக்கலாம். அதை எடுத்துக்கொண்டு போய் மூலநூலுக்குள் நுழைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

உறுதிக்கு மாற்றாகச் சிலர் 'உலக வெறுப்பு' என்று எழுதுகிறார்கள். இது கற்றவர்கள் செய்யும் பிழை என்பதால் கூடுதலாக உறுத்துகிறது. கீதையில் ராகமும் துவேஷமும் பல இடங்களில் இணைந்தே வருகின்றன: விருப்பும் வெறுப்பும் நீங்கிய புலன்களோடு பொருள்களிடையே உலவுபவன் தெளிவடைகிறான் என்கிறது 2.64. வெறுப்பதும் இல்லை, விழைவதும் இல்லை என்றிருப்பவனே என்றும் துறவி என்கிறது 5.3. வெறுப்பவன் அந்தப் பொருளை நாள் முழுவதும் மனத்தில் சுமக்கிறான். அதைக் கண்டால் முகம் சுளிக்கிறான், காணாவிட்டால் அதைப் பற்றிப் பேசுகிறான். ஒரு கட்டை அவிழ்த்து இன்னொரு கட்டைப் போட்டுக்கொண்டதற்கு விராகம் என்று பெயரில்லை. 'துறவு' என்பதும் சரிவராது. அது சந்நியாசத்துக்கு வேண்டும்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா போயிற்று? பற்றின்மை இருக்கிறது. ஆசை என்பதைவிடப் பற்று என்பதையே நான் தேர்வதற்குக் காரணம் உண்டு. வெள்ளைத் துணியையும் சாயம் போகும் சிவப்புத் துணியையும் ஒரே வாளியில் நனைத்துவிட்டால், வெளுப்பு சிவப்பைப் பற்றிக்கொள்கிறது. துணி சிவப்பை விரும்பவுமில்லை, வெறுக்கவுமில்லை. பக்கத்தில் கிடந்தது, பற்றிக்கொண்டது. ராகம் என்னும் வடசொல் சாயத்திலிருந்து மனத்துக்கு ஏறியதைப்போல, பற்று என்னும் தமிழ்ச்சொல்லும் கரி பற்றுதல், கறை பற்றுதல் என்பவற்றோடு சேர்ந்தே மனத்துக்கு வந்திருக்கிறது. இனி அந்தத் துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கினால் சிவப்பு போய்விடுமா? மன உறுதி என்னும் பெயர்ப்பு அந்தக் கஞ்சிதான். திருக்குறளின் துறவு அதிகாரத்தில் 'பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு' என்று ஒரே சொல்லை இத்தனை முறை புரட்டியவர் அதன் இருபுறத்தையும் அறிந்தே புரட்டினார்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். நாட்டுப்பற்று, மொழிப்பற்று என்று பற்று உயர்ந்த பொருளில் வழங்கும்போது பற்றின்மை குறையாகத் தொனிக்காதா என்பது ஒன்று. தொனிக்கும், ஆனால் இடம் நோக்கிப் பொருள் கொள்ளத் தெரியாத வாசகருக்காக மூலத்தையே திருத்த முடியாது. கீதையில் வரும் அசங்கம், அசக்தி (சக்தியின்மை அன்று, ஒட்டுதல் இன்மை) முதலிய சொற்களுக்கும் பற்றின்மை என்றே எழுதிவிட்டோமே, வைராக்கியத்துக்கு என்ன செய்வது என்பது மற்றொன்று. இது நியாயமான இடர்ப்பாடு. வேறு சொல் தேடப் போனவர்கள் உறுதியிலும் வெறுப்பிலும் போய் விழுந்ததற்கு இதுவே காரணமாகலாம். சங்கம் என்பது சேர்ந்து ஒட்டுவது. 5.10இல் சங்கத்தை விட்டுச் செயல் செய்பவனுக்குத் தாமரையிலைத் தண்ணீரே உவமை. ஆகவே அசங்கத்துக்கு ஒட்டாமை என்றும், வைராக்கியத்துக்குப் பற்றின்மை என்றும் பிரித்துக்கொண்டால் இரண்டும் தத்தம் உவமையோடு நிற்கும்.

அந்த அடியில் 'க்ருஹ்யதே' என்றொரு வினையும் இருக்கிறது. அதையும் யாரும் கண்டுகொள்வதில்லை. அதன் நேர்ப்பொருள் பிடிக்கப்படுகிறது என்பது. 'அடக்கலாம்' என்பதில் உள்ள அதட்டல் அதில் இல்லை. நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: "பெருந்தோளனே, மனம் அடக்குதற்கரியது, அலைவது என்பதில் ஐயமில்லை, ஆயினும் குந்தி மகனே, பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது பிடிபடும்."