ரிவைவ் செய்தவரிடம் கொடுத்த பணம்

ஜிஎஸ்டி 3பி என்ற மாத வரி ரிட்டர்னை ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதிக்குள் போட வேண்டும். அதனால் 15-ஐத் தாண்டினால் என் மேசை முழுக்க பேங்க் ஸ்டேட்மென்ட்டாகத்தான் கிடக்கும். திருப்பூரில் ஆடிட்டர் நான். பெரிய எக்ஸ்போர்ட்டர்கள் குறைவு. காஜா பட்டன், கட்டிங், செக்கிங் என்று ஜாப் ஒர்க் செய்பவர்கள்தான் அதிகம். இவர்கள் கணக்கில் வந்துபோகும் பெயர்கள் எனக்கு மனப்பாடம். நாலைந்து கம்பெனி, ஒரு நூல் கடை, வாடகை, ஈபி. அவ்வளவுதான்.

சென்ற வருடம் ஒரு காஜா பட்டன் யூனிட்டின் கரன்ட் அக்கவுண்ட்டில் புதுப் பெயர்கள் தலைகாட்டின. ஒரு வாரம் யாரோ ஒரு வடநாட்டுப் பெண் 300 ரூபாய் போட்டிருந்தார். அடுத்த வாரமும் 300, ஆனால் வேறு ஆள். அப்புறம் அது 1,000 ஆனது, பிறகு 4,000. தடவைக்கு ஒரு பெயர், ஒரு பேங்க். கிழமை மட்டும் மாறவில்லை, எல்லாமே ஞாயிறு ராத்திரி.

ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்குக் காஜா அடித்ததற்கு யார் 300 ரூபாய் போடப்போகிறார்கள்? ஓனருக்குப் போன் செய்தேன். "ஜீபே எல்லாம் பையன்தானுங்க சார் பாக்கறான். ஏதோ பழைய பாக்கி வருதாட்ட இருக்குதுங்க" என்றார். "கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு 19-ஆம் தேதி, எனக்கு இன்னும் முப்பது ரிட்டர்ன் பாக்கி. கேட்க வேண்டிய அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில், பையனையும் கூட்டிக்கொண்டு அவரே வந்துவிட்டார். அக்கவுண்ட் முடங்கிவிட்டது. வேறு மாநில சைபர் கிரைம் போலீஸ் சொல்லி டெபிட் ஃப்ரீஸ் போட்டிருக்கிறோம் என்று பேங்க்கில் ஒரு புகார் எண்ணை எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிரச்சினைக்குரிய தொகை 4,000 ரூபாய். உள்ளே மாட்டிக்கொண்டதோ இரண்டரை லட்சத்துக்கு மேல். சனிக்கிழமை இங்கே கூலி நாள். பன்னிரண்டு பேர் சாயங்காலம் கையை எதிர்பார்த்து நிற்பார்கள்.

பையனுக்கு 21 வயது. டிகிரி முடித்துவிட்டு அப்பாவோடு யூனிட்டில் இருக்கிறான். ராத்திரி பத்து மணிக்கு மேல் பிஜிஎம்ஐ, ஸ்குவாடாக, அதாவது குழுவாகச் சேர்ந்து சுட்டு ஆடும் மொபைல் விளையாட்டு. ஒரே ஸ்குவாடில் இரண்டு வருடமாக ஆடுகிறான். ஸ்குவாட் லீடரை எல்லோரும் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார்கள். முகம் பார்த்ததில்லை, மைக்கில் கேட்ட குரல்தான். அந்த அண்ணா ஒரு 'பிசினஸ்' ஆரம்பித்தார். விளையாட்டில் துப்பாக்கி ஸ்கின், டிரஸ், ராயல் பாஸ் எல்லாம் வாங்க யூசி என்ற விளையாட்டுக் காசு வேண்டும். யூசியை மொத்தமாக மலிவு விலைக்கு எடுத்துச் சில்லறையில் விற்கிறேன், முதல் போடுகிறவர்களுக்கு வாரம் பத்து சதவீதம் என்றார். பையன் 3,000 போட்டான், வாரம் 300 வந்தது. 10,000 போட்டான், 1,000 வந்தது. 40,000 போட்டான். அதற்கு அப்புறம் அப்பாவுக்குத் தெரியாமல் போட்டது 1,20,000.

"முகமே தெரியாத ஆளுக்கு எப்படிப்பா இவ்வளவு கொடுத்தாய்?" என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை எத்தனை தடவ ரிவைவ் பண்ணியிருக்கார் தெரியுமா சார்? ஸோன் சுருங்கிட்டு வரும்போதுகூட விட்டுட்டு ஓட மாட்டார்."

ரிவைவ் என்றால் விளையாட்டில் அடிபட்டு விழுந்தவனை எழுப்பிவிடுவது. ஸோன் என்றால் சுருங்கிக்கொண்டே வரும் பாதுகாப்பான இடம். அவன் அப்பாவுக்கு இது புரியவில்லை, சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் பார்த்தார். எனக்கு அதைத் தள்ளிவிட முடியவில்லை. இரண்டு வருடம், தினமும் இரண்டு மணி நேரம், ஆபத்தில் கைவிடாத ஒருவர் என்றால் நம்பிக்கை வரத்தான் செய்யும். விளையாட்டுக்குள் அது சரியான நம்பிக்கைதான். அங்கே சம்பாதித்த நல்ல பெயரைப் பண விஷயத்துக்கு ஜாமீனாக எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. நன்றாகப் பாடுகிறார் என்பதற்காக ஒருவரிடம் சீட்டுப் பணத்தைக் கொடுப்போமா?

வாரம் பத்து என்றால் வருடத்துக்கு 520 சதவீதம். சந்தையில் பத்து வட்டிக்கு விடுபவர்கூட மாதத்துக்குத்தான் பத்து கேட்பார். அந்தக் கணக்கை விடுங்கள், அவனுக்கு நான் காட்டியது ஸ்டேட்மென்ட்டைத்தான். ஒரே ஆள் நடத்தும் வியாபாரத்தில் லாபம் ஏன் ஒவ்வொரு வாரமும் வேறொருவர் கணக்கிலிருந்து வருகிறது? அந்தப் பெயர்கள் எல்லாம் அவனைப்போலவே பணம் போட்டவர்கள். 'அண்ணா' தன் கணக்கில் ஒரு ரூபாயைக்கூடத் தொடவில்லை. புதிதாகப் போடுபவரை நேராகப் பழைய ஆளின் கணக்குக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறார். அதில் ஒருவர் புகார் கொடுத்ததும், பணம் போய்ச் சேர்ந்த கணக்கு போலீஸ் திரையில் வந்துவிட்டது. அது காஜா பட்டன் யூனிட்டின் கணக்கு. இப்படி அடுத்தவர் பணத்தைக் கடத்தப் பயன்படும் கணக்கை மியூல் அக்கவுண்ட் என்பார்கள். தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்பதெல்லாம் விசாரணைக்கு அப்புறம்தான்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் விவரமின்மை என்று நினைக்க வேண்டாம். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-ல் வெளியிட்ட ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் ஆடுபவர்கள் வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த பெரியவர்கள். அங்கே காசுக்குப் பெயர் இஸ்க். (ஐஸ்லாந்தின் நிஜக் காசுக்கும் சர்வதேசக் குறியீடு அதேதான். குறும்பு.) ஆடுபவர்களே அதற்குள் பேங்க் நடத்தினார்கள். 2006-ல் அப்படி ஒரு பேங்க்கை நடத்தியவர் டெபாசிட்டைச் சுருட்டிக்கொண்டு, எடுத்தது 790 பில்லியன் என்று மார்தட்டினார். அதைப் பார்த்த பிறகும் ஈபேங்க் என்று இன்னொன்று வளர்ந்தது. இயக்குநர் குழு எல்லாம் இருந்தது. 2009-ல் அதன் தலைவர் 200 பில்லியன் இஸ்க்கை, நம் கணக்கில் 20,000 கோடியை, எடுத்து விளையாட்டுக்கு வெளியே கள்ளச் சந்தையில் விற்றார். கிடைத்தது சுமார் 6,300 ஆஸ்திரேலிய டாலர். வீட்டுக்கு முன்பணம் கட்டவும் மகனின் மருத்துவச் செலவுக்கும் அது போனது. செய்தி பரவியதும் டெபாசிட் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் எடுக்க ஓடினார்கள்.

இந்த ஆளை எனக்கு மறக்க முடியாததற்குக் காரணம், தொடக்கத்தில் அவரைத் திருடன் என்று சொல்ல எதுவும் இல்லை என்பதுதான். உழைத்துத்தான் அந்த பேங்க்கை வளர்த்தார். கஷ்டம் வந்த நாளில் கை நீண்டது. இன்னொன்று, நிறுவனம் அவரை நீக்கியது டெபாசிட்டை எடுத்ததற்காக இல்லை. விளையாட்டுக் காசை நிஜக் காசுக்கு விற்கக் கூடாது என்ற விதியை மீறியதற்காக. டெபாசிட் போட்டவர்களுக்கு அங்கே எந்தச் சட்டமும் துணைக்கு வரவில்லை.

ஆடிட்டிங்கில் இதைத்தான் முதலில் கற்றுக்கொடுப்பார்கள். ஆள் நல்லவரா என்று கேட்காதே, அவர் தனியாக எடுக்க முடியுமா என்று கேள். பேங்க்கில் பெட்டகச் சாவியை இரண்டு அதிகாரிகளிடம் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். கோயில் உண்டியலைப் பலர் முன்னிலையில்தான் திறந்து எண்ணுவார்கள். அர்ச்சகர் மேல் சந்தேகப்பட்டா அப்படிச் செய்கிறோம்? ஸ்குவாட் லீடரிடம் பணம் போகும்போது சாவி ஒன்றுதான். அதுவும் எந்த ஊரில், யார் கையில் இருக்கிறது என்றே தெரியாத சாவி.

2007-ல் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில் வருடத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல் வட்டி தந்துகொண்டிருந்த ஜின்கோ ஃபைனான்ஷியல் கவிழ்ந்தது. அந்த உலகத்தை நடத்திய லிண்டன் லேப், 2008 ஜனவரியில், அரசுப் பதிவு இல்லாத யாரும் அங்கே பேங்க் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. விளையாட்டுக் கம்பெனியே பதிவுச் சான்று கேட்கிற நிலைமை. நம்மிடமும் 2019-ல் வந்த சட்டம், முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் நடத்தினால் அது விளையாட்டாகிவிடாது.

பையன் கதையில் எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம் கடைசியில்தான் வந்தது. ஆள் சேர்த்தால் தலைக்கு 500 என்று அண்ணா சொல்ல, கூடப் படித்த இரண்டு பேரைச் சேர்த்துவிட்டிருக்கிறான். அதுவரை ஏமாந்தவன், அந்த 1,000 ரூபாய்க்கு அப்புறம் அவன் போலீஸில் சொல்ல வேண்டிய பதிலே வேறு.

அன்றைக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்து, சைபர்கிரைம் அரசு இணையதளத்திலும் புகார் பதிந்தோம். இதை அவனுக்கு வாரப் பணம் வருவது நின்ற அன்றே செய்திருக்க வேண்டும். பணம் கை மாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். குரூப்பை விட்டு வெளியேறாதே, எதையும் அழிக்காதே, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடு என்றேன். அண்ணா ஏற்கெனவே பாதி மெசேஜை அழித்திருந்தார். அப்புறம் ஃப்ரீஸ் போட்ட காவல் நிலையத்தின் விவரத்தை பேங்க்கில் எழுத்தில் வாங்கி, யூனிட்டின் ஆறு மாத ஜாப் ஒர்க் பில்களையும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்களையும் இணைத்து, எது தொழில் வரவு, எது அந்த ஞாயிற்றுக்கிழமை வரவு என்று வரிக்கு வரி பிரித்து அனுப்பினோம். இதற்கு நடுவே, போன பணத்தை மீட்டுத் தருகிறேன், 5,000 முன்பணம் போதும் என்று ஒருவர் டெலிகிராமில் வந்தார். வரத்தான் செய்வார்கள். சில நேரம் அது பழைய ஆளேதான்.

கூலிக்கு அன்று அவர் மச்சான் கடன் கொடுத்தார். அக்கவுண்ட் திறக்க ஏழு வாரம் ஆனது. போட்ட பணம் திரும்பி வரவில்லை.

பையன் இன்னும் ஆடுகிறான், அவன் அப்பாவே சொன்னார். போன மாதம் 3பிக்காக ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தபோது மறுபடியும் இரண்டு புதுப் பெயர்கள். இந்தத் தடவை உடனே போன் செய்தேன். வெளியே போகும் பணம். ஆளுக்கு 1,000, சனிக்கிழமைதோறும், கூலி போட்ட கையோடு. அவன் சேர்த்துவிட்ட அந்த இரண்டு பேர். "அவன் சம்பளத்துல புடிச்சுக்கச் சொல்லிட்டானுங்க சார்" என்றார் அப்பா. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார். பையனின் சம்பள முன்பணம் என்று எழுதிக்கொண்டேன்.