வீட்டு வரி ரசீதில் நூலகம், கைபேசியிலும் நூலகம்

வீட்டு வரி கட்டிவிட்டு ரசீதை மடித்துப் பையில் வைக்கும்முன் ஒருமுறை பாருங்கள். வீட்டு வரிக்குக் கீழே நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். ரூபாய்க்கு 10 பைசா. 500 ரூபாய் வீட்டு வரி என்றால் 50 ரூபாய். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி ஊராட்சியும் நகராட்சியும் அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் பணம் வரும் முக்கிய வழி இதுதான். சட்டம் வருவதற்கு விடாமல் பாடுபட்டவர் நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். அதற்கும் முன்பே, 1931-இல், மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களான நாம் நூலக வரி கட்டிவிட்டு உறுப்பினராகாமல் இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இப்போது எல்லாம் கைபேசியில் வந்துவிட்டதே, நூலகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எது கைபேசியில் வரும், எது வராது என்பதைத் தீர்மானிப்பது பதிப்புரிமைச் சட்டம். அது தெரிந்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஓர் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்கு உரிமை அவருடைய வாரிசுகளுக்கு. அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், இணையத்தில் ஏற்றலாம். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தில் பிறந்த உ. வே. சாமிநாதையர் காலமானது 1942-இல். ஆகவே அவர் எழுத்துகளுக்கான உரிமை 2002 முடிவோடு தீர்ந்தது. தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிடும். அப்படி ஆனால் 60 ஆண்டு காத்திருக்க வேண்டாம்.

இந்த இரண்டு வகை நூல்களும் பெருமளவில் இருக்கும் இடம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இது தமிழ்நாடு அரசின் நிறுவனம், நீங்கள் கட்டும் நூலக வரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. படிக்கக் கட்டணம் இல்லை. பழைய இதழ்களும் உண்டு. எங்கள் ஊர் நூலகத்தில் 2018 கஜா புயலில் ஓடு பறந்து, மழையில் ஓர் அலமாரி முழுக்க ஊறிப்போனது. வெயிலில் காயவைத்தும் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. அந்த அலமாரியில் நான் சிறுவயதில் படித்த ஒரு புத்தகத்தை, பல ஆண்டு கழித்து இந்த மின்னூலகத்தில் கண்டபோது கண் கலங்கியது. ஒரு சிரமம் உண்டு: பெரும்பாலும் பக்கங்களைப் படம் எடுத்து ஏற்றியவை. சிறிய திரையில் பெரியவர்களுக்குக் கண் வலிக்கும், கோப்பும் பெரிது. கணினியில் திறந்து படிப்பது நல்லது.

ஆனால் சென்ற ஆண்டு வந்த நாவலை இங்கே தேடாதீர்கள், உரிமை எழுத்தாளரிடம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்கான புதிய பதிப்புகளும் அப்படித்தான். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் யாரோ அனுப்பும் திருட்டுக் கோப்பு எழுதியவரின் கூலியைப் பறிப்பது. புதியவற்றுக்குக் கிளை நூலகம்தான் வழி. சிறு காப்புத்தொகையும் சந்தாவும் கட்டி உறுப்பினராகலாம். வேண்டிய புத்தகம் இல்லையென்றால் தலைப்பையும் பதிப்பகத்தையும் எழுதி நூலகரிடம் கொடுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்கள் காசு கொடுக்காமல் படிக்கலாம். கும்பகோணத்திலோ திருவாரூரிலோ அரசு நிறுவனத்தில் படிப்பவர் நெல் நோயைப் பற்றி வெளிநாட்டு ஆய்விதழில் வந்த கட்டுரைக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. நுழைவு விவரத்தைக் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள். தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை.

பார்வையற்றவர்களுக்கு இந்த 60 ஆண்டுக் கணக்கே குறுக்கே நிற்காது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக எந்த நூலையும் ஒலியாகவோ பிரெய்லாகவோ மாற்றலாம் என்று சேர்த்தார்கள். எழுத்தாளரிடம் அனுமதி கேட்க வேண்டாம், லாப நோக்கம் மட்டும் கூடாது. அப்படி மாற்றிய நூல்களைத் திரட்டி வைத்திருப்பது 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலய இணைய நூலகம். பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழ் வைத்திருப்பவர் வீட்டில் இருந்தால், உறுப்பினராகப் பதியும்போது அதன் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.