கூடைப்பந்துத் தரைக்கு அடியில் ஒரு பனித்தளம்

வட கரோலினா மாநிலத்தின் தலைநகர் ராலி, அமெரிக்கக் கணக்கில் நடுத்தரமான ஊர்தான். மக்கள்தொகை ஐந்து லட்சத்தை ஒட்டி இருக்கும். இந்த அளவு ஊரில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாக ஒரு பெரிய அரங்கம் என்று கட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் 1999-இல் திறந்த ஒரே உள்ளரங்கை (இப்போது லெனோவோ சென்டர் என்று பெயர்) கரோலினா ஹரிக்கேன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியும், வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணியும் பங்குபோட்டுக் கொள்கின்றன. ஒரு நாள் இரவு ஹாக்கி, மறுநாள் மாலை அதே இடத்தில் கூடைப்பந்து. இடையில் பனியை உருக்கி விடுவார்களா? மாட்டார்கள். அது அங்கேயேதான் கிடக்கும்.

உருக்குவது எளிது, திரும்ப உறைய வைப்பதுதான் பாடு. ஹாக்கித் தளம் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். பனியின் தடிமன் இரண்டரை சென்டிமீட்டர்தான், ஆனால் அதற்கே சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதையும் ஒரேயடியாகக் கொட்ட முடியாது. கான்கிரீட்டுக்குள் ஓடும் குழாய்களில் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்த உப்புநீரையோ கிளைகால் என்ற, எளிதில் உறையாத திரவத்தையோ சுற்றவிட்டு, மேலே மெல்லிய படலமாகத் தெளித்துத் தெளித்து உறைய வைக்க வேண்டும். நடுவில் வெள்ளைப் பெயின்ட், கோடுகள், அதன்மேல் மறுபடி தண்ணீர். நாள் கணக்கில் ஆகிற வேலை.

அதனால் பனியை மூடிவிடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் சுற்றுக் கண்ணாடிகளைக் கழற்றி, பனியின்மேல் குளிரைத் தடுக்கும் காப்புப் பலகைகளை நெருக்கமாக அடுக்குகிறார்கள். அதற்கு மேல் மேப்பிள் மரத்தரை. இது பெரும்பாலும் எட்டுக்கு நான்கு அடித் துண்டுகளாக வரும். ஒரு முழுத் தரைக்கு 200 துண்டுகளுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. இடம் மாறினால் கோடு கோட்டோடு சேராது. இரவோடு இரவாக வேலை முடிந்துவிடும்.

இதுவரை வெறும் தச்சுவேலை. உண்மையான எதிரி காற்றில் இருக்கிறது. ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலவே இந்தத் தரையும் வியர்க்கும். 24 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றுக்குப் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 13 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். அடியில் பனி இருப்பதால் மரத்தரை 16 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், பிரச்சினை இல்லை. ஈரப்பதம் 75 சதவீதமானால் பனிநிலை 19 டிகிரிக்கு ஏறிவிடும். தரை நனைந்துவிட்டது!

ஈரத்தைக் கொண்டுவருபவர்கள் நாம்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு ஏறக்குறைய 50 கிராம் நீரை வெளியேற்றுகிறார். 18,000 பேர், இரண்டு மணி நேரம் என்றால் 1,800 லிட்டர். ஒரு சின்ன லாரித் தண்ணீர், ஆவியாக.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 2016 நவம்பர் 30 அன்று ஃபிலடெல்ஃபியாவில் தரை ஈரமானதால் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஒரு ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த மார்ச்சில் மினியாபொலிஸிலும் அதே கதை. குளிர் ஊரான அங்கே நல்ல பனிக்காலத்தைவிட, திடீரென்று வெதுவெதுப்பாகிற நாள்தான் ஆபத்து. வெளிக்காற்று அன்று ஈரத்தோடு உள்ளே வரும், தரையோ குளிர்ந்தே இருக்கும்.

இதற்குக் கையாளும் வழி, காற்றை உலர்த்துவது. பெரிய யந்திரங்கள் காற்றைக் குளிர்ந்த சுருள்கள் வழியே இழுத்து நீரைப் பிரிக்கும். அல்லது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பூசிய சக்கரத்தின் வழியே செலுத்தும். ஆனால் சரக்குக் கதவு லாரி போகிற அளவுக்கு அகலம். மேடைச் சாமான் இறக்குகிறோம் என்று மழை நாளில் அதைத் திறந்தே விட்டால், எவ்வளவு பெரிய யந்திரமும் தோற்றுப்போகும்.