இடுப்புத் தறி

மெக்சிகோ, குவாத்தமாலா பகுதிப் பழங்குடிகளான மாயா மக்களின் நெசவைப் பற்றி ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்கு 'பேக்ஸ்ட்ராப் லூம்' என்ற பெயர் பழக்கமானதுதான். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'முதுகுப்பட்டைத் தறி'. பிழை என்று தள்ள முடியாது. ஆனால் அந்த வார் முதுகில் இருப்பதில்லை. நெய்கிறவள் தரையில் மண்டியிட்டோ கால் மடக்கியோ உட்கார்ந்து, தோலாலோ நாராலோ ஆன அகலமான வாரை இடுப்புக்குக் கீழே சுற்றிக்கொள்கிறாள். பாவின், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களின், ஒரு முனைக் கட்டை அந்த வாரோடு கட்டப்படும். மறு முனையைக் கயிறு போட்டு மரத்திலோ வீட்டுத் தூணிலோ கட்டுவார்கள்.

சட்டம் கிடையாது, மிதி கிடையாது. பாவை விறைப்பாக வைத்திருப்பது அவள் உடம்பு. பின்னால் சாய்ந்தால் நூல் இறுகும். பாவு நூல்களில் ஒரு பகுதியை மேலே பிரிக்கும் விழுதுக் குச்சியைத் தூக்கும்போது சற்றே முன்னால் சாய்ந்து இளக விடவேண்டும். அப்புறம் குறுக்கு நூலான ஊடையைக் கோத்து, வாள் போல் சீவிய கட்டையால் அடித்து இறுக்குவாள். வேலை முடிந்ததும் வாரை அவிழ்த்துப் பாவோடு சேர்த்துச் சுருட்டிவிடலாம். துணியை அறுத்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது சில குச்சிகளும் கயிறும்தான். குவாத்தமாலாவில் இதற்குக் 'குச்சித் தறி' என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரும் உண்டு.

பரவலான ஸ்பானியப் பெயர் 'தெலார் தெ சிந்தூரா'. தெலார் என்றால் தறி; துணியைக் குறிக்கும் 'தேலா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சிந்தூரா என்றால் இடுப்பு. இதன் லத்தீன் மூலத்துக்குச் சுற்றிக் கட்டுவது என்று பொருள். வாருக்கு மட்டும் 'மெகபால்' என்பார்கள். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலிலிருந்து வந்த சொல் அது. சுமை தூக்குகிறவர்கள் நெற்றியில் போட்டுக்கொள்ளும் பட்டைக்கும் அதே பெயர். நெசவு என்ற செயலுக்கு மாயா மொழிகளுக்கே உரிய சொற்கள் இருக்கின்றன. காக்சிகேல், கிச்சே இரண்டிலும் அது 'கெம்'. தறியின் ஸ்பானியப் பெயர்கள் ஸ்பானியர் காலத்தவை என்றாலும் தறி அவர்களுக்கு வெகு முந்தியது. தறியின் மறுமுனை மரத்தில் கட்டியிருக்க, பெண் ஒருத்தி நெய்வதைக் காட்டும் சுடுமண் பொம்மை மெக்சிகோவின் ஹைனா தீவில் கிடைத்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. ஸ்பானியர் கொண்டுவந்தது மிதித்தறி. அதில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

தமிழில் என்ன சொல்வது? குழியில் கால் வைத்து மிதிப்பதைக் குழித்தறி என்கிறோம், கையால் நெய்வதைக் கைத்தறி என்கிறோம். அதே வழியில் 'இடுப்புத் தறி' இயல்பாக வருகிறது. அரைஞாண், அரைக்கச்சை என்று இடுப்பைக் குறிக்க 'அரை' இருக்கிறதே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் 'அரைத்தறி' என்றால் பாதித் தறி என்றுதான் யாரும் படிப்பார்கள். 'இடைத்தறி'யிலும் அதே குழப்பம். 'தறி' பொருத்தமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தறி என்றால் நட்ட கம்பம், முளை என்ற பொருளும் இருக்கிறது. கம்பன் வீட்டுக் கட்டுத்தறி நெசவுத் தறியா மாடு கட்டும் முளையா என்ற பழைய சண்டை தெரிந்ததுதானே! மாயாத் தறிக்கு இரண்டு பொருளும் ஒட்டும். கம்பம் இல்லாமல் அது தறியே ஆகாது.

உடம்போடு கட்டிய தறி என்பதால், அதை ஆராய வந்தவர்களும் நெசவாளியின் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருந்தது. உளவியலாளர் பாட்ரிசியா கிரீன்ஃபீல்டு மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில், மாயா மொழிகளில் ஒன்றான சோட்சில் பேசும் சினகாந்தான் என்ற ஊரில், பெண் குழந்தைகள் நெசவு பழகுவதை 1969-70இல் பதிவு செய்தார். 1991இல் திரும்பிப் போனபோது தாய் கூடவே கை வைத்துச் சொல்லித் தருவது குறைந்து, பெண்கள் தாமாகவே செய்து பார்த்துக் கற்பது கூடியிருந்தது. ஊரில் வணிகம் பெருகியதோடு இதை அவர் இணைத்துப் பார்த்தார். அதே மாநிலத்தில் வால்டர் மாரிஸ் என்ற அமெரிக்கர் 1970களில் நெசவாளர்களோடு சேர்ந்து 'ஸ்னா ஹொலோபில்' கூட்டுறவு உருவாகத் துணை நின்றார். சோட்சிலில் அதற்கு 'நெசவாளர் வீடு' என்று பொருள். பழைய பூவேலைகளையும் இயற்கைச் சாயங்களையும் மீட்பது அவர்கள் வேலையாக இருந்தது. எனக்கு இந்த இரண்டாவது வகை ஆராய்ச்சிதான் மேல் என்று படுகிறது. அதன் பலன் நெசவாளியின் கையிலும் சேர்ந்தது.

சுற்றுச்சூழலைக் கெடுக்காத 'நிலைத்த நெசவு' என்று இப்போது பேசப்படுவதற்கும் இந்தத் தறியின் அமைப்புக்கும் தொடர்புண்டு. மின்சாரம் வேண்டாம் என்பது தெரிந்ததே. அதைவிட முக்கியம், வேண்டிய அளவுக்கே பாவு போட்டு, நான்கு பக்கமும் கரை கட்டிய துணியாக நெய்ய முடியும். கை எட்டும் அகலம்தான் துணியின் அகலம். அதனால் இரண்டு மூன்று துண்டுகளை இணைத்து 'விப்பில்' என்ற மேலாடையைத் தைக்கிறார்கள். கழுத்துக்கு மட்டும் வெட்டினால் போதும், கழிவுத் துணி என்று சொல்ல அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

நாகாலாந்து, மணிப்பூர் பெண்களும் இதே வகைத் தறியில்தான் நெய்கிறார்கள். இந்திய ஆங்கிலத்தில் அதற்கு 'லாயின் லூம்' என்று பெயர். அதற்குத் தனிச்சொல் தேட வேண்டாம், அதையும் இடுப்புத் தறி என்றே எழுதலாம். வாரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'இடுப்பு வார்'.