முகத்தல்: கப்புல அளக்குறதுக்கு நம்ம சொல்

ரெசிபில 100 கிராம் வால்நட்னு போட்டிருக்கும், வீட்டுல தராசு இருக்காது, உடனே கிராமை கப்புக்கு மாத்துறது எப்படின்னு தேடுவோம். கப்புல அளக்குறதை நெறைய பேர் 'கன அளவு'ன்னு எழுதுறாங்க. அது ஒரு பொருள் எவ்ளோ இடத்தை அடைக்குதுங்கிற கணக்கு. பாத்திரத்தால அள்ளி அளக்குற வேலைக்கு முகத்தல்னு தனியா அழகான பேரே இருக்கு, முகத்தலளவைன்னு ஸ்கூல்ல படிச்சோமே அதேதான்.

முகத்தல்னா மொள்ளுறது. குடத்துலேருந்து தண்ணி மொண்டு குடுன்னு சொல்றோம்ல, அந்த வேலைதான். மூதுரையில ஔவையார் "நாழி முகவாது நானாழி"ன்னு பாடியிருக்காங்க, ஆழ்கடல்லயே அமுக்கி மொண்டாலும் ஒரு நாழி பாத்திரத்துல நாலு நாழி வராதுன்னு அர்த்தம். எடைங்கிறது வேற வழி, எடுங்கிற சொல்லுலேருந்து வந்தது, தடு தடை ஆன மாதிரி. ஒன்னு அள்ளுறது, ஒன்னு தூக்கிப் பாக்குறது.

நட்ஸ் விஷயத்துல இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏன்னா பாத்திரம் பருப்போட சேத்து காத்தையும் மொள்ளுது. கப்புல பாதி பாதியா இருக்குற வால்நட்டை போட்டு மேலேருந்து பாருங்க, ஒன்னோட முதுகு இன்னொன்னோட குழியில உக்காராம எங்க பாத்தாலும் சந்துதான். அதனால அமெரிக்க கப்புக்கு, அதாவது சுமார் 237 மில்லிக்கு, அந்த பாதி வால்நட் கிட்டத்தட்ட 100 கிராம்தான் வரும். நறுக்கிப் போட்டா சந்தெல்லாம் அடைஞ்சு 117, பொடிச்சா உப்பிக்கிட்டு 80. பாதாம் முழுசா 143 கிராம், மெல்லிசா சீவினா 92. முந்திரி 137 பக்கம், பச்சை வேர்க்கடலை 146. அதனால "ஒரு கப் நட்ஸ் எத்தனை கிராம்"னு பொத்தாம்பொதுவா கேட்டா பதில் சொல்லவே முடியாது, எந்த பருப்பு, எப்படி வெட்டினதுன்னு சொல்லணும்.

கப்புங்கிற சொல் லத்தீன் 'குப்பா'லேருந்து இங்கிலீஷ் வழியா வந்தது. ஆஸ்திரேலியால ஒரு கப் 250 மில்லி, ஜப்பான் ரைஸ் குக்கரோட வர்ற கப் 180தான். பாஸ்டன்ல ஃபேனி ஃபார்மர் 1896ல போட்ட சமையல் புத்தகத்துல கப்பை கத்தியால வழிச்சு சமமா அளக்கணும்னு அடிச்சு சொன்னாங்க. நம்மூர்ல அதுக்குப் பேரு தலை தட்டுறது, படியில அரிசியை குமிச்சு அள்ளிட்டு உள்ளங்கையால ஒரே வழி வழிச்சு விடுவாங்க பாருங்க, அதே வேலை.

கப்புக்கு சரியான தமிழ்ப் பேர் கேட்டா நான் ஆழாக்குன்னுதான் சொல்லுவேன். 8 ஆழாக்கு ஒரு படி, 2 ஆழாக்கு ஒரு உழக்கு. ஊருக்கு ஊர் படி மாறும், ஆனாலும் ஆழாக்குக்கு பொதுவா சொல்ற கணக்கு 168 மில்லி, அதனால அமெரிக்க கப் ஒன்னரை ஆழாக்குக்கு கொஞ்சம் கம்மி. பேரை எடுத்துக்கலாம், அளவை அப்படியே மாத்திப் போட்டுடாதீங்க.

பாதாம் கத்லி பண்றவங்க ஒன்னு கவனிங்க. ஒரு கப் முழு பாதாமைப் பொடிச்சா ஒன்னரை கப் பொடி வரும். ரெசிபில ஒரு கப் பாதாம் பொடின்னு இருந்தா அது 95 கிராம்தான், முழு பாதாம் ஒரு கப் முகந்து அரைச்சுடாதீங்க, சக்கரை பத்தாம போயிடும்.